பதினான்காம் அறையின் செயலாளர்

வெண்டைக்காய் வாங்குவதா கத்தரிக்காய் வாங்குவதா என்பதற்கு வாக்கெடுப்பு நடத்தி, முடிவை நோட்டில் எழுதி, முன்மொழிந்தவரிடமும் வழிமொழிந்தவரிடமும் கையெழுத்து வாங்கிய மனிதர் வளைகுடா நாடுகள் அத்தனையிலும் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு நான் ஏழு வருடம் ஒரே அறையில் குடியிருந்தேன். அவருக்கென்று ஒரு பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் செயலாளர்.

அபுதாபியிலிருந்து சவுதி எல்லையைப் பார்த்து இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனால் ருவைஸ் வரும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, நடுவில் எங்கள் கேம்ப். பதினான்காம் நம்பர் அறையில் ஆறு கட்டில், ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ், ஒரு சாம்பார் சட்டி. செயலாளர் ரிக்கர். கிரேன் தூக்குகிற இரும்புக்குக் கயிறும் கொக்கியும் மாட்டி, கையைக் காட்டி மேலே கீழே அனுப்புகிற வேலை. நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர், அதாவது பேப்பருக்கு நம்பர் போடுகிறவன்.

வார லீவு வெள்ளியாக இருந்தபோது வெள்ளியும், அது மாறிய பிறகு ஞாயிறும், காலை பத்து மணிக்கு எவர்சில்வர் தம்ளரில் கரண்டியால் மூன்று தட்டு விழும். கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் போன வாரத்து முடிவுகளை வாசிப்பார். பிறகு இந்த வாரத்து விஷயங்கள்: ஏசியை இருபத்திரண்டில் வைப்பதா இருபத்துநான்கில் வைப்பதா, சட்டி கழுவும் முறை யாருக்கு, கறி எடுப்பது புதனா வியாழனா. கடைசியில் சுயவிமர்சனம். புதுக்கோட்டை வேலு என்று ஒரு வெல்டர் எங்கள் அறையில் இருந்தான். ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயை மூன்றே நாளில் தனியாக முடித்துவிட்டான்.

"வேலு, நீயே எந்திரிச்சுச் சொல்லுடே. என்ன தப்பு நடந்துச்சு?"

"ஊறுகா நல்லா இருந்துச்சுண்ணே."

"அது ஊறுகாயப் பத்துன விமர்சனம். நான் உன்னப் பத்திக் கேக்கேன்."

இந்த நாட்டில் சங்கமும் கட்சியும் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வந்த இடத்துச் சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. அதனால் எங்கள் அமைப்புக்குச் சமையல் கமிட்டி என்று பெயர் வைத்து, நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு விதிகளை எழுதியிருந்தார். ஒன்று, இந்தக் கமிட்டியின் அதிகாரம் அடுப்பைத் தாண்டாது. இரண்டு, தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பெயர் தானாக நீங்கும். நைட் ஷிப்டில் மாட்டிய, குழாய் பொருத்தும் பிட்டர் ஒருவன் இந்த இரண்டாவது விதியால் பெயர் நீங்கி, ஒரு மாதம் கேன்டீனில் சாப்பிட்டான். திரும்பச் சேர மனு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தான்.

அவர் தூத்துக்குடிக்காரர். உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். சங்கத்தில் சேர்ந்து, சங்கத்திலிருந்து கட்சியில் சேர்ந்து, கிளைச் செயலாளராகவும் ஆகி, இருபது வருடம் முன்பு இங்கே வந்தார். உறுப்பினர் அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே இருக்கும். லீவை எப்போதும் மே மாதத்தில் எடுப்பார். ஊரில் இறங்கியதும் மே தின ஊர்வலத்தில் முதல் வரிசையில் கொடி பிடிப்பார். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் லீவு கேட்டுக்கொண்டிருந்தபோது, ஊர்வலத்துக்கு லீவு எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரே மகள். பிறந்தபோது அவர் ரஷ்யா என்று பெயர் வைக்க நினைத்தார், மனைவி மேரி என்று வைக்க நினைத்தார். இருவரும் விட்டுக்கொடுக்காததால் பிள்ளை ரஷ்யா மேரி ஆனாள். நர்ஸ் படித்து, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்கு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் சட்டையில் மேரி என்று மட்டும் எழுதிக் குத்தினார்கள். போன இடத்தில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, குடியுரிமை எல்லாம் ஆயிற்று. இதற்கிடையில் செயலாளரின் மனைவி இறந்துபோனார். அடுத்த வருடம் அவருக்கு அறுபது முடிகிறது, கம்பெனி விசா அதோடு சரி. ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. "நிரந்தரமா எங்கிட்ட வந்திருங்கப்பா" என்று மகள் அவருக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

அமெரிக்கா எங்களுக்குப் புதிது இல்லை. எங்கள் சைட்டிலேயே ஒரு அமெரிக்கர் இருந்தார். பாதுகாப்பு ஆலோசகர், எழுபதை நெருங்கிய ஆள், அகல விளிம்பு வைத்த தொப்பி. அவரும் டெக்சாஸ்காரர் என்பதால் எங்களுக்கு அவர் பெயரே டெக்சாஸ். பிடிக்காத எதையும் கம்யூனிசம் என்பார். வேகத்தடை கம்யூனிசம். காகித ஸ்ட்ரா கம்யூனிசம். கிலோமீட்டர் கம்யூனிசம். கேன்டீனில் ஆளுக்கு ஒரு பாக்கெட் கெட்சப்தான் என்று உத்தரவு வந்த அன்று, தான் சின்ன வயதில் எதைப் பற்றி எச்சரிக்கப்பட்டாரோ அது வந்தேவிட்டது என்று தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

செயலாளர் அவரைக் கூர்ந்து கவனித்து வந்தார்.

"வீடு கம்பெனி வீடு. காரு கம்பெனி காரு. சாப்பாடு கேன்டீன். துணி தொவைக்க ஆளு. அவருக்குன்னு சொந்தமா இருக்கது அந்தத் தொப்பி ஒண்ணுதான். நாங்க கொடி பிடிச்சு எங்க போயிச் சேரணும்னு நெனச்சோமோ, அவரு அங்க போயி உக்காந்திருக்காரு தம்பி. அவருக்கே தெரியல."

இருவருக்கும் நல்ல மரியாதை உண்டு. ஒரு முறை பலத்த காற்றில் பெரிய குழாய் ஒன்றைத் தூக்கச் சொல்லி புராஜெக்ட் மேனேஜர் யல்லா யல்லா என்று அரபியில் அவசரப்படுத்திக் கத்தினார். செயலாளர் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு அப்படியே நின்றார். டெக்சாஸ் வந்து அவர் பக்கத்தில் நின்றார். அன்று குழாய் ஏறவில்லை. அதற்குப் பிறகு செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் டெக்சாஸ் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்.

விசா பாரத்தை மதிய இடைவேளையில் என் கம்ப்யூட்டரில் நிரப்பினோம். கேள்வி கேள்வியாக நான் தமிழில் சொல்ல, அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

"பயங்கரவாதச் செயல்ல ஈடுபட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"மனுச உறுப்பை வலுக்கட்டாயமா எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிற வேலை பாத்திருக்கீங்களா?"

"ரிக்கர் வேல மட்டுந்தான்."

"ஒண்ணுக்கு மேல கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு வர்றீங்களா?"

"எதுக்குத் தம்பி வம்பு. இல்லன்னு போடுங்க."

அடுத்த கேள்வியை நான் முதலில் மனத்துக்குள் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருக்கிறீர்களா, அல்லது எப்போதாவது இருந்திருக்கிறீர்களா?

செயலாளர் எழுந்து நின்றார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி வாசிங்க."

வாசித்தேன்.

"நம்ம ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல தம்பி. பொண்ணு பாக்கப் போன எடத்துல கேக்கல. பாஸ்போர்ட் ஆபீசுல கேக்கல. இத்தன வருசத்துல எங்க கட்சிய ஒரு பொருட்டா மதிச்சு, நீ அதுல இருக்கியான்னு கேட்ட ஒரே ஆளு அமெரிக்காக்காரந்தான். ஆமான்னு போடுங்க."

"அண்ணாச்சி, ஆமான்னா விசா கெடைக்காது."

"கெடைக்காதுன்னா எதுக்குக் கேக்கான்?"

"அதுக்குத்தான் கேக்குறான்."

பாரம் அனுப்பப்படாமல் அப்படியே நின்றது. மகளிடம் ஒரு வக்கீல் இரண்டு வழி சொல்லியிருந்தார். வேலை கிடைப்பதற்காகத்தான் கட்சியில் சேர்ந்தேன் என்று எழுதலாம். இல்லையென்றால், கட்சியை விட்டு விலகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் வழியைக் கேட்டதும் செயலாளர் முகம் கடுகடுத்தது. "வேலைக்காவச் சேரல. நம்பித்தான் சேந்தேன். அமெரிக்கா போறதுக்காவ அத மாத்திச் சொல்லச் சொல்லாதிய" என்றார்.

அந்த ஞாயிறு வேலு அவசரத் தீர்மானம் கொண்டு வந்தான். பாரத்தில் இல்லை என்று போடுவது. ஐந்து கைகள் உயர்ந்தன, ஒன்று உயரவில்லை. பெரும்பான்மை முடிவுக்குச் சிறுபான்மை கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று எங்களுக்கு ஏழு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆகவே மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, கமிட்டியின் அதிகாரம் அடுப்பைத் தாண்டாது என்று வாசித்தார். தீர்மானம் செல்லாது. பிறகு கத்தரிக்காய்க்குப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் நான் டெக்சாஸிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"நம்ம ரிக்கரா?"

"ஆமாம் சார்."

"எத்தனை நாளாக?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலிருந்தே."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கிரேனைப் பார்த்தார். "பார்த்தால் அந்த மாதிரித் தெரியவில்லையே" என்றார்.

"அந்த மாதிரின்னா எப்படி இருப்பாங்க சார்?"

டெக்சாஸ் நேர்மையான ஆள். நன்றாக யோசித்துவிட்டு, "தெரியாது. நான் இதுவரை ஒருத்தரையும் பார்த்ததில்லை" என்றார். அவர் படித்த பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளை மேசைக்கடியில் புகுந்து தலையைப் பொத்திக்கொள்ளச் சொல்வார்களாம். கம்யூனிஸ்டுகள் குண்டு போட்டால் தப்பிப்பதற்கு. அது வெறும் பலகை மேசை என்றும் சொன்னார். பிறகு, அந்த ஆள் பொய் எழுத மாட்டார், எழுதவும் கூடாது, விலகச் சொல்லுங்கள் என்றார்.

இதைச் செயலாளரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வேலையை அவருடைய பேத்தி முடித்துவிட்டாள். அவளுக்கு நாலு வயது, இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவாள். வீடியோ காலில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு சின்ன அறையைக் காட்டினாள். கட்டிலில் புதுப் போர்வை விரித்து, தலையணை மேல் அவளுடைய கரடி பொம்மையைப் படுக்க வைத்திருந்தாள். "தாத்தா பெட்" என்றாள். "வென் ஆர் யூ கமிங்?"

"சூன்" என்றார் செயலாளர். போனை வைத்த பிறகு அந்தச் சொல்லை இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்த்தோம், பார்க்காதது போல் இருந்தோம்.

விலகி, இரண்டு வருடம் காத்திருந்தாவது போவது என்று முடிவு செய்தார். ராஜினாமாக் கடிதம் எழுத அவருக்கு நான்கு நாள் பிடித்தது. நாட்டு நிலைமை ஒரு பக்கம், உலக நிலைமை ஒரு பக்கம், மூன்றாம் பக்கத்தில் கனத்த இதயத்தோடு விலகல். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, இப்போதைய கிளைச் செயலாளரும் உப்பளக் கால நண்பருமான அந்தோணிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். ரகசியமாக எதுவும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தோணி, கடுதாசி வந்துச்சா? கிளையில வச்சு ஏத்துக்கிட்டு எனக்கு நகல் அனுப்பணும்."

"வந்துச்சு. ஆனா அது முடியாது வே."

"எனக்கும் வருத்தந்தான். சூழ்நெல அப்படி."

"அதுக்கில்ல வே. மெம்பரா இருந்தாத்தான ராஜினாமா பண்ண முடியும்."

வேலு போய் அடுப்பை அணைத்தான்.

"நீரு அங்க போயி ரெண்டு வருசத்துலயே பேர எடுத்தாச்சு. தொடர்ந்து மூணு கூட்டம் வராதவன் பேரு தானா நீங்கும்னு விதி இருக்குல்லா."

"எந்தக் கிறுக்கன் வே போட்டான் அந்த விதிய?"

"நீருதான். பயணத்துக்கு ஆறு மாசம் முன்ன கொண்டாந்தீரு. நான் வழிமொழிஞ்சேன்."

செயலாளர் தலையை மெதுவாக ஆட்டினார். அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஒருமனதாவா எடுத்திய?"

"ஒருமனதா."

"மினிட்ஸ்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரிதான்."

"லீவுல வந்து மொத வரிசையில கொடி பிடிச்சீரே, ஒவ்வொரு வருசமும் சொல்லிரணும்னுதான் நெனச்சோம். உம்ம மூஞ்சியப் பாத்தா சொல்ல வாயி வரல வே."

இதைவிட நல்ல செய்தி அவருக்கு வந்திருக்க முடியாது. பதினெட்டு வருடம் முன்பே வெளியே வந்தவர், சட்டப்படி அமெரிக்காவுக்கு லாயக்கானவர். அவரோ உறையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்ல விதி தம்பி அது" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "அதுல ஒண்ணும் கொறையில்ல."

அடுத்த ஞாயிறு தம்ளரில் கரண்டி தட்டப்படவில்லை. ஏழு வருடத்தில் அதுதான் முதல் முறை. யாருக்கும் என்ன சமைப்பது என்று தெரியவில்லை.

பாரத்தில் 'இருந்தேன்' என்று பதில் போட்டோம். அந்தோணி அனுப்பிய மினிட்ஸ் பக்கத்தை நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, பழக்க தோஷத்தில் மூலையில் டாக்குமென்ட் நம்பரும் போட்டேன். டெக்சாஸ் அதை வாசித்துப் பிழை திருத்திக் கொடுத்தார். தன் சர்ச்சிலிருந்து தன் பெயரையும் இதே காரணத்துக்காகத்தான் எடுத்தார்கள் என்றும், தனக்கும் வெகு நாள் அது தெரியாது என்றும் சொன்னார்.

நேர்காணல் அபுதாபியில். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தீர்மானம் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். திரும்பி வந்து, நடந்ததை வரிசை எண் போட்டு ஒப்பித்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அதிகாரி.

"ஏன் கட்சியில சேந்தீங்கன்னு கேட்டாவ. உப்பு காலைத் திங்கும் மேடம், பூட்ஸ் கேக்கதுக்குச் சேந்தோம்னேன். கெடைச்சுதான்னாவ. பாதிப் பேருக்குன்னேன். ஏன் பேர எடுத்தாங்கன்னாவ. கூட்டத்துக்குப் போவலன்னேன். கொஞ்ச நேரம் டைப் அடிச்சாவ. அமெரிக்காவுல போயி கட்சி எதுவும் ஆரம்பிப்பீங்களான்னாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க நமக்கு யாரையும் தெரியாதுன்னேன்."

சில மாதம் கழித்து விசா வந்தது. கடைசி நாள் சைட்டில் டெக்சாஸ் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒருத்தரையும் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது பார்த்துவிட்டேன்" என்றார்.

"எக்ஸ் மெம்பர் சார்" என்று திருத்தினார் செயலாளர். பொய் சொல்ல அவரால் முடியாது.

டெக்சாஸ் தன் தொப்பியைக் கழற்றிச் செயலாளர் தலையில் வைத்தார். அவருக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். காதுவரை இறங்கியது.

இப்போது அங்கிருந்து மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. முதலில் வந்தது இது: "தம்பி, இந்தத் தெருவுல வீட்டுக்காரங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு. புல்லு எத்தன இஞ்சு வளரலாம், குப்பத்தொட்டிய எப்ப வெளிய வைக்கணும், வாசக்கதவுக்கு என்ன பெயிண்டு, எல்லாத்துக்கும் விதி. மீறினா நோட்டீசு. மாசம் ஒரு கூட்டம், கை தூக்கி ஓட்டு. எங்க கிளைகூட இம்புட்டுக் கண்டிப்பா இருந்ததில்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் தலைவர். தெருவுக்கு பஸ் விடப்போறதாச் சொன்னா, அது கம்யூனிசம்னு எதிர்த்து ஓட்டுப் போடுதாரு. நான் ஒண்ணும் சொல்லிக்கிடல. ஒரே ஒரு கொறதான். இங்க ஒருத்தனுக்கும் மினிட்ஸ் ஒழுங்கா எழுதத் தெரியல."

அடுத்த மாதமே மினிட்ஸ் எழுதும் பொறுப்பு அவருக்கு வந்துவிட்டது. அவர் தமிழில் எழுத, ரஷ்யா மேரி டியூட்டி முடிந்து வந்து இங்கிலீஷ் ஆக்குகிறாள்.

பதினான்காம் அறையில் இப்போது செயலாளர் நான். ஆனால் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தம்ளரைத் தட்டி வருகை எடுக்கிறேன். அவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று கூட்டம் என்பது அவர் போட்ட விதி, முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. வேலு ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கத்தைத் திருப்ப விடாமல் நோட்டின் மேல் கையை வைத்துக்கொள்கிறான். இந்த வாரமும் அவர் பெயருக்கு நேரே 'லீவில் இருக்கிறார்' என்று எழுதினேன். ஒருமனதாக நிறைவேறியது.